துப்பாக்கிக்குத் தடை உள்ள இடங்கள்: போகாமல் இருப்பதா, காரில் பூட்டுவதா, வீட்டிலேயே விடுவதா?

போன கோடையில் மகளின் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்காக இங்கே டெக்சாஸில் தபால் நிலையத்தில் காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருந்தோம். அவளுக்கு 16 வயது ஆகவில்லை, அதனால் நானும் மனைவியும் இரண்டு பேருமே போக வேண்டும். பார்க்கிங்குக்குள் திரும்ப இண்டிகேட்டர் போட்ட பிறகுதான் இடுப்பில் துப்பாக்கி இருப்பது உறைத்தது. சரி, காரிலேயே பூட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தபால் நிலையத்தின் பார்க்கிங்கும் மத்திய அரசின் தபால் துறை இடம்தான். தபால் துறையின் விதி அந்த இடத்துக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்வதோடு, அங்கே வைத்திருப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனேன். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எங்கள் நேரம் போய்விட்டது. அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "இதை செருப்பு போடறப்பவே யோசிச்சிருக்கலாம்ல?"

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்களில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முன்பு மிகக் குறைவு. 2023 மே 6 அன்று ஆலன் அவுட்லெட் மாலில் எட்டு பேர் கொல்லப்பட்ட பிறகு, எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே நாலைந்து பேர் துப்பாக்கியோடு வெளியே போவதற்கான லைசென்ஸ் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார்கள். இப்போது அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "கோயில்ல துப்பாக்கி கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க, தியேட்டர்ல வச்சிருக்காங்க, ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. அங்கெல்லாம் போறதா வேண்டாமா?" போகாமல் இருப்பது, காரில் பூட்டிவிட்டுப் போவது, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று வழிகள் மூன்று. நாலாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

## முதலில் விசா

எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிரீன் கார்டுக்காரருக்கு ஒரு கூடுதல் கத்தி தொங்குகிறது: துப்பாக்கி தொடர்பான சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தக் காரணம் ஆகலாம். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு 'அபராதம் கட்டினேன், முடிந்தது' என்று போகும் விஷயம் நமக்கு அப்படி முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது முதல் அளவுகோல். சில இடங்களில் கட்டடத்தின் கதவிலிருந்து தடை, சில இடங்களில் பார்க்கிங் வாசலிலிருந்தே தடை. இரண்டாவது, ஒரு நாளில் எத்தனை தடவை துப்பாக்கியை இடுப்பிலிருந்து எடுத்து மறுபடி வைக்க வேண்டியிருக்கும் என்பது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. மூன்றாவது, காரில் கூட யார் இருக்கிறார்கள், திரும்பும்போது ஓட்டப்போவது யார். நாலாவது, அந்த இடம் இல்லாமல் நம்மால் முடியுமா. ஐந்தாவது, நாம் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் காவலுக்கு வேறு யாராவது இருக்கிறார்களா.

லைசென்ஸ் உள்ள டெக்சாஸ்வாசி ஒருவரின் சாதாரண வாரத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது:

| இடம் | கட்டடத்துக்குள் | பார்க்கிங்கில், பூட்டிய காரில் |
|---|---|---|
| பள்ளி | தடை, பெருங்குற்றம் | லைசென்ஸ் இருந்தால் முடியும். இல்லாவிட்டால் 1,000 அடி மத்திய விதி குறுக்கே வரும் |
| தபால் நிலையம் | தடை | தடை |
| விமான நிலையம் | சோதனை வரிசைக்கு அப்பால் தடை | முடியும் |
| மருத்துவமனை | தடை | முடியும் |
| '51%' பலகை (வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்ற அறிவிப்பு) உள்ள மதுக்கூடம் | தடை, பெருங்குற்றம் | முடியும் |
| அலுவலகம் | நிர்வாகம் தடுக்கலாம் | பெரும்பாலும் தடுக்க முடியாது (2011 சட்டம்) |
| கோயில், கடை, தியேட்டர் | பலகை வைத்தால் தடை | முடியும் |

சில விளக்கங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, வேறு தடை இல்லாத எவரும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போகலாம். 'அப்புறம் எதுக்கு லைசென்ஸ்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் அட்டவணையின் முதல் வரியிலேயே இருக்கிறது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம். பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு, இல்லாதவருக்கு இல்லை. அவர் குண்டை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். டாலஸின் புறநகர்களான பிளேனோவிலோ ஃபிரிஸ்கோவிலோ ஒரு பள்ளியையும் கடக்காமல் மளிகைக் கடைக்குப் போய்வர முடியுமா என்று மேப்பை விரித்துப் பாருங்கள். லைசென்ஸ் கட்டணம் 2017-இல் 140 டாலரிலிருந்து 40 டாலராகக் குறைந்துவிட்டது. அதை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

பலகை விஷயமும் அப்படித்தான். கதவில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் நீளமாக ஒரு பலகை இருந்தால், லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வரக் கூடாது என்று பொருள். 30.07 வெளியே தெரியும்படி எடுத்து வருவதைத் தடுப்பது. 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு. சில கடைகளில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். அதற்கு 30.06 பலகையின் பலம் கிடையாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சரி, ஆனால் கடைக்காரர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு எழுத்து எத்தனை அங்குலம் என்று அளந்து பார்த்து உள்ளே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## வழி 1: போகாமல் இருப்பது

இதைச் சொல்பவர்களின் வாதம் எளிது. துப்பாக்கித் தடைப் பலகை நல்லவனை மட்டும்தான் நிறுத்தும், கொல்ல வருகிறவனை நிறுத்தாது. என் பாதுகாப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராத கடைக்கு என் காசு எதற்கு? இவர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் வைட் செட்டில்மென்ட் ஊர் சர்ச். 2019 டிசம்பர் 29 அன்று அங்கே ஒருவன் வழிபாட்டின் நடுவே சுட ஆரம்பித்தான். ஆறே விநாடியில் சபையைச் சேர்ந்த ஒருவர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதற்குள் இருவர் இறந்துவிட்டார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் அவனை வீழ்த்தியவர் துப்பாக்கிப் பயிற்சி ஆசிரியர், அந்த சர்ச்சின் காவல் குழுவை நடத்தியவர். ஆறு மணி நேர வகுப்பும் வருடத்துக்கு இரண்டு தடவை சுட்டுப் பழகும் ரேஞ்சும் என்று இருக்கும் நான் அந்த ஆறு விநாடியில் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்: பெஞ்சுக்கு அடியில் இருந்திருப்பேன்.

கொள்கைக்காக ஒரு கடையைத் தவிர்ப்பது உங்கள் உரிமை. பக்கத்திலேயே வேறு கடை இருந்தால் அதில் நஷ்டமும் இல்லை. திரைப்படத்தை வீட்டில் பார்க்கலாம், காபியை வேறு இடத்தில் குடிக்கலாம். நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் பலகையைப் பற்றி ஒரு வாடிக்கையாளரின் எண்ணமும் அவர்களுக்குத் தெரியும்.

இதன் மறைமுகச் செலவு நம் ஆட்களுக்குத்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் பலவும் நடப்பது வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில். பொங்கல் விழாவும் பரதநாட்டிய அரங்கேற்றமும் உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது பள்ளி இல்லை என்று ஆகிவிடாது. இந்த வழியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் குழந்தை தமிழ் படிக்காது, தாத்தாவை மருத்துவமனையில் பார்க்க முடியாது, சென்னைக்கு விமானம் ஏற முடியாது. அப்படி யாரும் இருப்பதில்லை. 'நான் அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போறதே இல்ல' என்று வாட்ஸ்அப்பில் எழுதும் நண்பரை நானே தமிழ்ச் சங்க விழாவில் பொங்கல் தட்டோடு பார்த்திருக்கிறேன்.

காவல் இருக்கும் இடத்தை வேறு மாதிரி பார்க்க வேண்டும். டாலஸ் ஃபேர் பார்க்கில் நடக்கும் டெக்சாஸ் மாநிலச் சந்தையில் 2023 அக்டோபரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று பேர் காயப்பட்டார்கள். 2024-இல் சந்தை நிர்வாகம் லைசென்ஸ் உள்ளவர்களுக்கும் சேர்த்தே தடை போட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார், டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது. அங்கே வாசலில் சோதனையும் உள்ளே போலீசும் இருக்கிறார்கள். வெறும் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய கடையையும் அதையும் ஒரே தராசில் போடக் கூடாது. அந்தச் சந்தையில் நிற்கும் பிக் டெக்ஸ் பொம்மையின் முன்னால் குழந்தைகளோடு படம் எடுக்க எனக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

## வழி 2: காரில் பூட்டிவிட்டுப் போவது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், யோசிக்காமல் செய்வதும் இதைத்தான்.

நடப்பதை அப்படியே சொல்கிறேன். தியேட்டர் பார்க்கிங். ரஜினி படத்தின் முதல் நாள், சுற்றிலும் கூட்டம். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே உடம்பை வளைத்து, சட்டையைத் தூக்கி, இடுப்பு உறையிலிருந்து குண்டு ஏற்றிய துப்பாக்கியை வெளியே எடுக்கிறீர்கள். அதன் வாய் ஒரு கணம் உங்கள் தொடையைப் பார்க்கிறது, அடுத்த கணம் பக்கத்து சீட்டை. பின்னாலிருந்து மகன், "அப்பா, என்ன பண்றீங்க? லேட் ஆகுது" என்கிறான். பக்கத்து காரில் ஒருத்தர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். படம் முடிந்து வந்ததும் இருட்டில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் செருகும்போது சட்டை நுனி விசையில் மாட்டினால் வெடிக்கும். துப்பாக்கி சும்மா உறைக்குள் இருக்கிற வரை பெரிய ஆபத்து இல்லை, கை படும்போதுதான் ஆபத்து. ஒரு சனிக்கிழமை கோயில், மருத்துவமனை, தியேட்டர் என்று மூன்று இடம் போனால் ஆறு தடவை.

இந்த வழியில் போவதென்றால் சில விஷயங்கள் கட்டாயம். துப்பாக்கியை உறையோடு சேர்த்தே கழற்றும்படியான உறை வேண்டும், அப்போதுதான் விசை வெளியே தெரியாது. சீட் சட்டத்தோடு எஃகு வடத்தால் கட்டிய பூட்டுப் பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறையைப் பெட்டி என்று சொல்லாதீர்கள், கண்ணாடியை உடைப்பவன் முதலில் திறப்பது அதைத்தான். பூட்டுவதைப் போய்ச் சேர்ந்த பார்க்கிங்கில் செய்யக் கூடாது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் பெட்டியில் எதையோ வைத்துவிட்டு நடந்து போனால், திருடனுக்கு நாமே இடம் காட்டிய மாதிரி. வழியில் ஆளில்லாத இடத்தில் முடித்துவிட்டு வாருங்கள். பின் கண்ணாடியில் துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு இன்னும் மூன்று இடத்தில் இருக்கிறது. வேலே பார்க்கிங் முதலாவது: கல்யாண ரிசெப்ஷனில் சாவியைக் கொடுக்கும்போது காரில் இருப்பதையும் சேர்த்துத்தான் முன்பின் தெரியாத பையனிடம் கொடுக்கிறீர்கள். இரண்டாவது குழந்தைகள்: சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்கு எட்டும்படி விட்டு, அது அவர் கையில் கிடைத்தால் டெக்சாஸில் அதுவே குற்றம். மூன்றாவதைத்தான் நம் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கிரீன் கார்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி எச்-1பி. உங்கள் காரை அவன் எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறான். சீட்டுக்கு அடியில் பெட்டி, சாவிக் கொத்தில் பெட்டிச் சாவி. போலீஸ் நிறுத்தினால் அது யார் வசம் இருந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவன் குடிவரவு வக்கீலை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சொன்னாலும் இந்த வழிக்கு இடம் உண்டு. டாலஸிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறீர்கள். மணிக்கணக்கில் ஆளரவம் இல்லாத சாலை. 2010 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் கூடாது. அங்கே நுழையும்போது மட்டும் பெட்டியில் பூட்டுவது நியாயமான ஏற்பாடு. இரவுப் பணி முடித்துத் தனியாகத் திரும்பும் நர்ஸுக்கும் இதுதான் வழி: வீட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஷிப்ட் முடியும்வரை தொடாமல் இருப்பது.

## வழி 3: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுதான் இதன் சிறப்பு. வீட்டில் நல்ல பெட்டகம் ஒன்று வேண்டும். செலவு ஒருமுறைதான். துப்பாக்கி ஒரு நாளில் ஒரு தடவைகூடக் கையில் படாது. பலகை படிக்க வேண்டாம், பார்க்கிங் யாருடையது என்று யோசிக்க வேண்டாம், தம்பிக்குக் காரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இழப்பது என்ன? வழியில் பெட்ரோல் போடும்போது, இருட்டில் டயர் மாற்றும்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பயம் பொய்யில்லை. யாராவது உங்களைக் குறிப்பாக மிரட்டியிருக்கிறார்கள், பிரிந்துபோன கணவன் பின்தொடர்கிறான், இரவு கடையை மூடிவிட்டுப் பணத்தோடு வருகிறீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்னபடி பெட்டியை ஒழுங்காக அமைத்துக்கொண்டு இரண்டாவது வழிக்குப் போங்கள். மற்றவர்களுக்கு, பல வருடம் இதே சாலையில் வெறுங்கையோடு போய்வந்தவர்கள்தானே நாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் இடுப்பில் இருப்பது பர்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது, இருப்பதே தெரியாது. 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வரிசைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் குண்டு ஏற்றியவை. எண்ணிக்கையில் அட்லாண்டாவுக்கு அடுத்த இடம் நம் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்துக்கு. கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் 'பையில இருந்தது மறந்துபோச்சு'. அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். துப்பாக்கிக்கென்று ஒரு பை, பயணத்துக்கென்று ஒரு பை என்று பிரித்து வைக்காதவர்கள் அந்த எண்ணிக்கையில் ஒருநாள் சேருவார்கள். தபால் நிலைய வாசல்வரை போன நான் இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

## குறுக்கு வழி: 'தெரியாம எடுத்துட்டுப் போனா யாருக்குத் தெரியும்?'

30.06 பலகையைத் தாண்டினால் அதிகபட்சம் 200 டாலர் அபராதம்தான் என்று சொல்லி இதற்கு நியாயம் கற்பிப்பவர்கள் உண்டு. வெளியே போகச் சொன்ன பிறகும் நின்றால் அது ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம் என்று ஏறுவதைச் சொல்ல மாட்டார்கள். பள்ளியிலும் 51% மதுக்கூடத்திலும் பெருங்குற்றம், 2 முதல் 10 வருடம். தபால் நிலையத் தடையை எதிர்த்து வழக்குகள் ஓடுகின்றன என்று ஒரு நண்பர் செய்தி அனுப்பினார். வழக்குப் போட்டவர்களுக்கு வரும் தீர்ப்பு உங்களையும் காப்பாற்றும் என்று எண்ணிப் பரிசோதித்துப் பார்க்காதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு மேலே சொன்னதே போதும்.

## அப்படியானால் எது?

அடுத்த வாரத்து வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அட்டவணையைப் பார்த்துத் தடை உள்ள நிறுத்தங்களை எண்ணுங்கள். அன்றைக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் வீட்டில் விடுங்கள். தபால் நிலையம் ஒன்று இருந்தாலே வீட்டில் விடுங்கள். நெடுஞ்சாலைப் பயணத்தில் ஒரே ஒரு நிறுத்தம் என்றால் பெட்டி. தவிர்ப்பதை, மாற்று இடம் இருக்கிற கடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் வாசலில் செருப்பு போடும்போது முடிவு செய்யுங்கள், பார்க்கிங்கில் அல்ல.

மாநிலம் தாண்டினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. டெக்சாஸ் லைசென்ஸை நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் இல்லினாயும் ஏற்பதில்லை. 2013-இல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண், நியூ ஜெர்சியில் போலீஸ் நிறுத்தியபோது 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று தானாகவே சொன்னார். அதற்காகவே கைதாகி, சில வருடச் சிறைத் தண்டனையின் விளிம்புவரை போனார். 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கித்தான் அது முடிந்தது. ஒரு மாநிலத்தைக் கடந்து போவதற்கு 1986-இன் மத்திய சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. அதற்கும் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், போய்ச் சேரும் இடத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும்.

வரும் ஜூலையில் நியூ ஜெர்சி எடிசனில் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். காரிலேயே போகலாம், வழியில் நாலு ஊர் பார்க்கலாம் என்று முதலில் பேசினோம். துப்பாக்கி பெட்டகத்தில் இருக்கட்டும் என்று முடிவானதும் மனைவி, "அப்ப ஃப்ளைட்லயே போயிடலாமே" என்றாள். டிக்கெட் போட்டாயிற்று.